முப்பது ரூபாய் உத்தியோகம்

வேலை கிடைக்காமல் வீட்டோடு இருக்கும் ஒருவனைப் பற்றிப் பேசும்போது, ‘வேலையில்லாதவன்’ என்று நம் ஊர்களில் யாரும் சொல்வதில்லை. ‘சும்மா இருக்கிறான்’ என்றுதான் சொல்வார்கள். சும்மா இருப்பதைப் பெரிய பேறு என்று ஞானிகள் பாடி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஞானிகளுக்கு மாமனார் வீடு கிடையாது. மளிகைக் கடைக்காரர் மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்பதும் கிடையாது. குடும்பஸ்தன் சும்மா இருந்தால் அது பேறு அல்ல, பேச்சு. தெரு முழுவதும் பேசும்.

எங்கள் திருவாலங்காட்டு ரயில் நிலையத்தில் காலை வேளையில் இப்படிச் சும்மா இருக்கிற பிள்ளைகள் சிலரைப் பார்க்கலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் சான்றிதழ்களின் நகல்கள். அம்பத்தூருக்குப் போகிறவர்கள் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் உண்டு. திருவாலங்காடும் கும்மிடிப்பூண்டியும் ஒரே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய், அங்கிருந்து வேறு பாதையில் வடக்கே திரும்ப வேண்டும். வேலை தேடுகிறவனுக்கு எப்போதும் சுற்றுவழிதான் போலும்!

இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு ராமானுஜனின் ஞாபகம் வருகிறது. கணித மேதை என்று உலகம் கொண்டாடுகிற ராமானுஜன் அல்ல. தபால் தலையில் இருக்கும் ராமானுஜனும் அல்ல. எப்.ஏ. பரீட்சையில் தவறிவிட்டு, நாலு வருஷத்துக்கு மேல் ‘சும்மா இருந்த’ ராமானுஜன்.

கும்பகோணத்தில் நன்றாகப் படிக்கிற பையன் என்று பெயர் எடுத்தவர். 1904-ல் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் அந்தச் சம்பளத்தை இழந்தார். 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். மறு வருஷம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எப்.ஏ. பரீட்சை எழுதினார், தவறினார். 1907 டிசம்பரில் மறுபடியும் எழுதினார், மறுபடியும் தவறினார். அன்றைக்கு எப்.ஏ. தேறாதவனுக்குப் பட்டப் படிப்பின் கதவு மூடிவிடும். கௌரவமான உத்தியோகத்தின் கதவும் முக்கால்வாசி மூடிவிடும்.

1909 ஜூலையில் கல்யாணமும் ஆயிற்று. மணப்பெண் ஜானகிக்கு அப்போது வயது சுமார் பத்து. பிள்ளைக்குக் கால்கட்டுப் போட்டால் பொறுப்பு வரும் என்பது நம் தாய்மார்களின் பழைய வைத்தியம். பொறுப்பு வந்தது, வேலைதான் வரவில்லை. சிநேகிதர்களின் அறைகளில் தங்கினார். மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். ஒரு சமயம் உடம்பு மிகவும் மோசமானபோது, தாம் இறந்துபோனால் தம் நோட்டுப் புத்தகங்களைப் பச்சையப்பன் கல்லூரி ஆசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்துவக் கல்லூரி ராஸ் துரையிடமோ சேர்த்துவிடும்படி ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். இருபத்திரண்டு வயசு வாலிபனுக்கு உலகத்தில் இருந்த சொத்து அந்த நோட்டுகள்தான். அவற்றைக் காட்டி யாரிடம் வேலை கேட்பது?

1910-ல் அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே வி. ராமஸ்வாமி ஐயர் டிப்டி கலெக்டராக இருந்தார். மூன்று வருஷங்களுக்கு முன்னால் இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். ராமானுஜன் அவரிடம் நோட்டுகளைக் காட்டிக் கேட்டது மிகவும் சாதாரணமான ஒரு வரம்: தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. இப்பேர்ப்பட்ட அறிவை ரெவினியூ இலாகாவின் அடிப்படிக்கட்டில் போட்டு நசுக்க மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் அவர் காரணம் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் வேலை கேட்டுப் போனவன் வெறுங்கையோடு படியிறங்கும்போது, ‘நீ இந்த வேலைக்கு மேற்பட்டவன்’ என்ற பாராட்டு வயிற்றை நிரப்புமா?

நல்ல வேளையாக ஐயர் வெறும் பாராட்டோடு நிற்கவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவர்களில் பி. வி. சேஷு ஐயர் என்ற கணித ஆசிரியர், கும்பகோணத்திலேயே ராமானுஜனை அறிந்தவர். அவர் இன்னொரு கடிதம் கொடுத்தார். அது நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்கு. சென்னையிலிருந்து நெல்லூருக்குப் போகும் பாதை கும்மிடிப்பூண்டியைத் தாண்டித்தான் போகிறது. இன்று ஆலைக் கதவுகளின் முன்னால் எங்கள் பிள்ளைகள் காத்து நிற்கிற அந்த வட்டாரத்தைக் கடந்து, நூறு வருஷங்களுக்கு முன்னால் இன்னொரு பிள்ளை போயிருக்கிறான். அன்று அங்கே ஆலையும் இல்லை, தொழிற்பேட்டையும் இல்லை.

1910 டிசம்பரில் நடந்த அந்தச் சந்திப்பை ராமச்சந்திர ராவ் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். குள்ளமாய், தடித்து, முகச் சவரம் இல்லாமல், அழுக்குத் துணியோடு, கிழிந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் ஆள் வந்து நின்றானாம். கண்கள் மட்டும் பளபளத்தனவாம். கலெக்டருக்கு நோட்டில் இருந்தது உடனே விளங்கவில்லை. ஆனால் மறுபடியும் வரச்சொல்லிக் கேட்டார், பிறகு விளங்கியது. உனக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார். கவலையில்லாமல் கணக்குப் போட, எளிய சாப்பாடு கிடைத்தால் போதும் என்பது பதில். ராவ் அவரைச் சென்னைக்கே திருப்பி அனுப்பி, தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது. ஆபீஸ் கிடையாது, மேலதிகாரி கிடையாது, நாள் முழுவதும் கணிதம். 1911-ல் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் அவருடைய முதல் கட்டுரை வெளிவந்தது. மேதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் சுமார் ஒரு வருஷத்தில் ராமானுஜன் அந்தப் பணத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டார். நெடுநாள் பிறருக்குப் பாரமாக இருக்க அவருக்கு இஷ்டமில்லை என்று ராவே எழுதுகிறார். 1912 தொடக்கத்தில் அக்கௌண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்தார். அதாவது, உட்கார்ந்த இடத்தில் வந்த 25 ரூபாயை விட்டு, உழைத்து வாங்கும் 20 ரூபாய்க்குப் போனார்!

இது பைத்தியக்காரத்தனம் என்று சம்பாதிக்கிறவர்கள் நினைக்கலாம். சும்மா இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் நியாயம் புரியும். பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டு வந்த நான், என் இருபத்து மூன்றாம் வயதில் வேலை பார்த்த ஓர் அச்சகம் மூடிப்போய், எட்டு மாதம் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவோ மாமாவோ ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. ஆனாலும் இரண்டாம் தடவை சோறு கேட்க எனக்கு வாய் வராது. ‘போதும்’ என்று எழுந்துவிடுவேன். பிறகு வேலை கிடைத்து, முதல் சம்பளத்தை அக்கா கையில் கொடுத்த ராத்திரி, அதே வீட்டில், அதே தட்டில், ‘இன்னும் கொஞ்சம் போடு’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சோறு ஒன்றுதான், போட்ட கையும் ஒன்றுதான். நடுவே ஒரு சம்பளம் வந்திருந்தது, அவ்வளவுதான்.

1912 பிப்ரவரி 9-ந் தேதி ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு, அதாவது போர்ட் டிரஸ்டுக்கு, ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அந்தக் காகிதம் பிழைத்திருக்கிறது. மெட்ரிகுலேஷன் தேறியதையும் எப்.ஏ. வரை படித்ததையும் சொல்லிவிட்டு, எதிர்பாராத சில இடையூறுகளால் மேலே படிக்க முடியவில்லை என்று எழுதுகிறார். ‘இரண்டு தடவை தவறினேன்’ என்று எழுதவில்லை. வேலை தேடிய எவருக்கும் இந்த வாக்கியம் பழக்கமானது. வீணாய்ப் போன வருஷங்களை எந்தச் சொல்லால் மூடுவது என்று இரவெல்லாம் யோசித்து எழுதும் வாக்கியம் அது. அதற்கு அடுத்தபடியாக, தம் பொழுது முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டு வருவதாகச் சொல்கிறார். வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்று முடிக்கிறார்.

கூடவே ஒரு சிபார்சுக் கடிதம் போயிற்று. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் துரை எழுதிக் கொடுத்தது. இந்த இளைஞன் கணிதத்தில் அபாரத் திறமை உள்ளவன், எண்களைக் கையாள்வதில் வேகமானவன் என்ற அர்த்தத்தில் சில வரிகள்தான். கல்லூரி கொடுக்காத சான்றிதழை அந்தச் சில வரிகள் கொடுத்தன. 1912 மார்ச் முதல் தேதி கணக்குப் பிரிவில் மூன்றாம் வகுப்புக் குமாஸ்தாவாக ராமானுஜன் வேலையில் அமர்ந்தார். சம்பளம் 30 ரூபாய்.

அங்கே அவருக்கு மேலே இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர், கணிதச் சங்கத்தைச் சேர்ந்தவர். பகலில் ஆபீஸ் கணக்கு. மாலையில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு வேறு கணக்கு. காகிதம் வாங்கக் காசு ஏது? சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிப்பது ராமானுஜனின் வழக்கம். கல்யாணமாகி மூன்று வருஷம் பிறந்த வீட்டிலும் மாமியார் வீட்டிலுமாக இருந்த ஜானகி, கணவனோடு குடித்தனம் நடத்தச் சென்னைக்கு வந்தது இந்த வேலைக்குப் பிறகுதான்.

இந்த உத்தியோகத்தைச் சொர்க்கம் என்று வர்ணிக்க நான் விரும்பவில்லை. 30 ரூபாய் போதவில்லை. 1913 ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், தம் சொற்பச் சம்பளத்தைக் குறிப்பிட்டே தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். அடுத்த கடிதத்தில் தாம் அரைப்பட்டினி என்றும், மூளையைக் காப்பாற்ற முதலில் சாப்பாடு வேண்டும் என்றும் எழுதுகிறார். ஆனாலும் அந்த முதல் கடிதத்தில் அவர் தம்மை இன்னார் என்று சொல்ல ஒரு வரி இருந்தது: சென்னைத் துறைமுக ஆபீஸில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா. ஒரு வருஷம் முன்னால் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

அந்த ஆபீஸில் இருந்ததால்தான் அதன் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் அவருக்காக முயற்சி எடுத்தார். பொறியியல் கல்லூரி கிரிபித் துரை 1912 நவம்பரில் ஸ்பிரிங்குக்கு எழுதினார்: இவருடைய திறமையைப் பயன்படுத்த ஒரு வழி பிறக்கும்வரை இவரைச் சந்தோஷமாக வேலையில் வைத்திருங்கள் என்று. வழி பிறந்தது. 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச் 17-ந் தேதி, எந்தத் துறைமுகத்தின் கணக்கை எழுதினாரோ, அங்கிருந்தே கப்பலேறினார். பிற்பாடு நடந்தது உலகத்துக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கோயிலைச் சேர்ந்த செப்பேடுகள் 1905-ல் கிடைத்தன. ராமானுஜன் வீட்டை விட்டுப் போன அதே வருஷம். முதலாம் ராஜேந்திர சோழன் பழையனூர் என்ற கிராமத்தைக் கோயிலுக்குக் கொடுத்த ஆணை அது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அரசன் கொடுத்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடவில்லை. ஆணையை எழுதியவர், பார்த்தவர், நிறைவேற்றியவர் என்று அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒரு நல்ல காரியம் எத்தனை கைகள் மாறி ஊர் வந்து சேர்கிறது என்பதை அந்தக் காலத்தவர் அறிந்திருந்தார்கள்.

முப்பது ரூபாய் உத்தியோகமும் அப்படித்தான் கைமாறி வந்தது: ராமஸ்வாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், மிடில்மாஸ்ட், நாராயண ஐயர், ஸ்பிரிங். பணம் கொடுத்தவர் நல்லவர்; ஆனால் அந்தப் பணம் ராமானுஜனைத் தலைகுனிய வைத்தது. கடிதம் கொடுத்தவர்கள் செலவிட்டது ஒரு காகிதமும் கொஞ்சம் மையும்தான். அது அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

உங்களுக்குத் தெரிந்த பிள்ளை எவனாவது சும்மா இருக்கிறானா? பண உதவி செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், அவன் நோட்டை வாங்கி ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். தெரிந்த இடத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள். அவன் ராமானுஜனாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. மிடில்மாஸ்ட் துரை அந்தக் கடிதத்தை எழுதிய அன்று ராமானுஜனும் எப்.ஏ. தேறாத ஒரு பிள்ளையாகத்தான் இருந்தார்.