பற்று முதல் பிரதேச சபை வரை

நம்மூர்க் கருமங்களை நடாத்தும் உரிமை எவ்வெவர் கையில் இருந்து வந்தது என்பதை இளைஞர் அறிந்திருத்தல் அவசியமாகும். சித்தாண்டி அடங்கிய ஏறாவூர்ப்பற்றின் கதையைச் சுருக்கமாக நோக்குவோம்.

மட்டக்களப்புத் தேசம் முன்னாளில் பற்றுக்களாகப் பிரிந்திருந்தது. பற்றுக்குத் தலைவர் வன்னியனார். அவரை மக்கள் தெரிவு செய்ததில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கிராமசபைகளுக்கு வழிவகுத்தது. காலப்போக்கில் வட்டாரந்தோறும் மக்களே வாக்களித்து அங்கத்தவரைத் தெரிந்தனர். ஒழுங்கை, கிணறு, சந்தை பற்றிய முறைப்பாட்டை அயல்வீட்டு அங்கத்தவரிடமே சொல்லக்கூடியதாயிருந்தது. 1946இல் சிறுபட்டினங்களுக்குப் பட்டினசபைச் சட்டம் பிறந்தது. மட்டக்களப்பு நகரசபை 1967இல் மாநகரசபையாக உயர்ந்தது.

1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் தோன்றவே, கிராமசபைகளும் பட்டினசபைகளும் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் உருவாயின. ஏறாவூர்ப்பற்றின் சபை செங்கலடியில் அமைந்தது. போர்க்காலத்தில் நெடுநாள் தடைப்பட்ட தேர்தல், மட்டக்களப்பு மாவட்டத்தில் 2008 மார்ச் 10இல் நடைபெற்றது.

வன்னியனாரும் கிராமசபையும் போயினர். பற்று என்னும் பழம்பெயர் மட்டும் நிலைத்தது. சபையின் எல்லை விரிந்துவிட்டபடியால் ஒரு கிராமத்தின் குறை அங்கே எளிதில் எட்டாது. வாலிப அன்பர்களே! ஊர்க்குறைகளை எழுத்தில் வரைந்து, சபைக் கூட்டங்களுக்குச் சென்று, வாக்குரிமையைத் தவறாது பயன்படுத்துவோமாக.