திருக்கோணமலையில் வியாழனைக் கண்டவர்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைக் கூறுவோர் கோட்டையையும் கப்பல்களையும் மறப்பதில்லை. அங்கிருந்து வானை ஆராய்ந்த ஒரு படை அதிகாரியை மட்டும் மறந்துவிடுகின்றனர். அவர் பேர்சி மோல்ஸ்வேர்த். 1867 இல் கொழும்பிற் பிறந்தவர். பிரித்தானியப் பொறியியற் படையைச் சேர்ந்தவர்.

வியாழனின் நான்கு பெருந் துணைக்கோள்களைக் கலிலியோ 1610 இலேயே கண்டுவிட்டார். மோல்ஸ்வேர்த் தம்முடைய 12½ அங்குலத் தொலைநோக்கியால் ஆராய்ந்தது அக்கோளின் முகிற்பட்டைகளை. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்கிறது. முகிற்புள்ளி ஒவ்வொன்றும் அதன் வட்டத்தின் நடுவைக் கடக்கும் நேரத்தை அவர் குறித்துவைத்தார். அந்நேரங்களைக் கொண்டே முகில்களின் வேகம் கணிக்கப்படும். 1900 ஆம் ஆண்டில் இத்தகைய குறிப்புகள் ஆயிரக்கணக்கிற் சேர்ந்தன.

அந்நாளில் வியாழன் தென்வானில் நின்றது. இங்கிலாந்தில் தொடுவானத்தை ஒட்டிக் கலங்கித் தோன்றிய கோள், இங்கே உயர நின்று தெளிவாகத் தெரிந்தது. 1901 இல் அதன் தென் அயனப் பகுதியில் எழுந்த பெருங் குழப்பத்தை முதலிற் கண்டவர் இவரே. அது ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்தது.

1908 இல் அவர் திருக்கோணமலையிலேயே காலமானார். செவ்வாயில் ஒரு பெருங் குழி அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் வாழ்ந்த மாவட்டத்திலோ அப்பெயரை அறிந்தோர் சிலரே. கிளிவெட்டி வயல்வெளிக்கு மேலும் அதே வியாழன் எழுகிறது. சிறு தொலைநோக்கி ஒன்றிருந்தால் நம் மாணவர் அதன் நான்கு துணைக்கோள்களையும் இரவுதோறும் பார்த்துக் குறித்துவைக்கலாம்.