இரண்டு வீட்டுக் கோப்பு

கோபன்ஹேகனில் 1924 முதல் 1947 வரை தத்துப்போன குழந்தைகளுக்கு அரசின் நீதித்துறையில் ஆளுக்கொரு கோப்பு. பெற்றவர் இன்னார், வளர்ப்பவர் இன்னார் என்று குமாஸ்தா எழுதி அலமாரியில் ஏற்றினார். வெளியார் கண்ணில் படக் கூடாது என்பதே அதன் பிறவிக்குணம்.

1960-களில் அந்த அலமாரியைத் தேடி வந்தார் அமெரிக்க ஆய்வாளர் சீமோர் கெட்டி. மனச்சிதைவு நோய் சில குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ரத்தத்தில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா? உடம்பைக் கொடுத்தவளே சோறும் போடுகிற வீட்டில் இதைப் பிரித்தறிய வழியில்லை. தத்துப்பிள்ளைக்குத்தான் இரண்டும் இரண்டு வீடு.

கோப்பு மட்டும் போதாது. நல்லவேளை, டென்மார்க்கில் வீடு மாறினால் உள்ளூர்ப் பதிவேட்டில் சொல்லியாக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு போய் இரு வீட்டு உறவினர்களையும் கண்டுபிடித்தார்கள். 5,483 பேரில் நோய் கண்ட 33 பேர். ஒப்பிட நோயற்ற 33 தத்துப்பிள்ளைகள். யார் எந்த வீட்டு உறவு என்று தெரியாதபடி அடையாளங்களை நீக்கிய குறிப்புகளைப் பார்த்தே மருத்துவர்கள் முடிவு சொன்னார்கள். 1968-இல் விடை வந்தது. நோயாளிகளின் ரத்த உறவினர் 150 பேரில் 13 பேருக்கு அந்த நோயோ அதன் சாயலோ இருந்தது. மற்றவர்களின் ரத்த உறவினர் 156 பேரில் 3 பேருக்குத்தான். வளர்த்த குடும்பங்களில் அப்படியொரு வித்தியாசம் இல்லை.

ரத்தம் வென்றது என்று கொண்டாடியவர்கள் உண்டு. மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் போன்றோர் மறுத்தார்கள்: தத்துக் கொடுப்பவர்கள் சீட்டுக் குலுக்கியா வீடு தேர்கிறார்கள்? அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது. பார்த்துப் பார்த்துத் தேர்ந்த வீடுகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அங்கே வளர்ப்பின் பங்கு சிறிதாகத்தான் தெரியும். வயிற்றில் இருந்த பத்து மாதத்தை எந்த வீட்டுக் கணக்கில் எழுதுவது?

கோப்புகள் ஓயவில்லை. நாடு முழுவதற்கும் விரிந்து, வேறு கேள்விகளுக்கும் போயின. 1986-இல் 540 பேரை வைத்து உடல் பருமனைப் பார்த்தார்கள். அது பெற்றவர்களோடு ஒத்துப்போனது, சாப்பாடு போட்டவர்களோடு அல்ல. 1988-இல் மரணத்தைப் பார்த்தார்கள். கிருமி வெளியிலிருந்து வருவது என்றுதானே நினைப்போம்? பெற்றவர் 50 வயதுக்குள் தொற்றுநோயில் இறந்திருந்தால், பிள்ளையும் தொற்றில் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 6 மடங்கு. புற்றுநோயில் கணக்கு தலைகீழ்: பெற்றவரின் மரணம் பெரிய மாற்றம் எதையும் காட்டவில்லை, வளர்த்தவர் 50-க்குள் அதில் இறந்திருந்தால் பிள்ளைக்கு 5 மடங்கு.