புத்தளக் கரையும் முடிக்குரிய மண்ணும்



கனிவளம் என்றவுடன் ஆழ்ந்த சுரங்கங்களும், விளக்கேந்திய தொழிலாளரும், பூமியின் வயிற்றைக் குடையும் இயந்திரங்களுமே நம் மனக்கண் முன் தோன்றுவன. புத்தளக் கரையின் கனிவளம் அத்தகையதன்று. அது பெரும்பாலும் நிலத்தின் மேலேயே கிடக்கிறது. வாவி நீரில் உப்பு, வடக்கே அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல், செம்மணலில் இல்மனைற்று. இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது என்றும் பெரிய காரியமாக இருந்ததில்லை. ஆயினும் இவற்றில் பொருளை முடக்கிய சிறியோர் பலர் கையைச் சுட்டுக்கொண்டனர். அதற்குக் காரணம் யாதெனின், கனி கிடைத்தபோதும் அதன் மேல் நின்று தொழில் செய்வதற்குரிய நிலம் அவர்களுடையதாக இருக்கவில்லை. இன்று நாம் ஆராயப் புகுவது அந்த நிலத்தின் வரலாற்றை.

முதலில் உப்பை எடுத்துக்கொள்வோம். வாவி நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலும் காற்றும் அதைக் குடிக்க விட்டு, செறிந்த உவர்நீரைப் படிப்படியாகச் சிறு பாத்திகளுக்கு மாற்றுவர். கடல் நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பின்னரே உப்புப் படியத் தொடங்கும். பங்குனி வெயிலும், ஆடி மாதத்தில் வீசும் வறண்ட கச்சான் காற்றும் உப்புச் செய்வோனுக்குத் துணைவர். ஐப்பசி மழை அவனுடைய பகைவன். வரப்புக் கட்டுவதற்கும், தரையை மிதித்து இறுக்குவதற்கும், கூலிக்கும் அவன் கைப்பணம் முன்னதாகவே மண்ணில் புதைந்துவிடுகிறது. முதற் கூடை உப்பு வாரப்படும் வரையில் அது திரும்பி வருவதில்லை. வரப்பையும் இறுகிய தரையையும் பெயர்த்தெடுத்து வேறிடம் கொண்டுசெல்லவும் இயலாது. எனவே அவன் செல்வமெல்லாம் அவன் நிற்கும் இடத்தோடு ஒட்டியது. அந்த இடம் போனால் எல்லாம் போயிற்று.

இந்த உப்புக்காக அரசுகள் உடன்படிக்கை எழுதின. கண்டி இராச்சியத்துக்கு மலை உண்டு, வயல் உண்டு, கறுவா உண்டு. உப்பு மட்டும் இல்லை. கரையிலிருந்து பொதிமாடுகள் சுமந்து சென்ற உப்பே மலைநாட்டு அடுப்புகளைக் காத்தது. 1766ஆம் ஆண்டு கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது, புத்தளம், சிலாபம் முதலிய இடங்களில் தன் குடிகள் உப்பு அள்ளும் உரிமை அவ்வுடன்படிக்கையில் இடம்பெற்றது. நிலத்தின் இறைமை ஒருவருக்கு, அதன் விளைவை எடுக்கும் அனுமதி மற்றொருவருக்கு என்னும் பிரிவு அன்றே எழுத்தில் ஏறிவிட்டது. இக்கரையின் பிற்கால வரலாறு முழுவதும் இப்பிரிவின் நிழலிலேயே நடந்தது என்பது என் கருத்து.

ஆங்கிலேயர் வந்தனர். கறுவா ஏகபோகம் 1833இல் நீங்கிற்று. உப்பு ஏகபோகமோ நிலைத்தது. அம்பாந்தோட்டையில் லேவாய்களில் தானாக விளைந்த உப்பை அரசாங்கம் வாரிற்று. 1908 முதல் 1911 வரை அங்கே உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப் என்னும் எழுத்தாளரும் அவ்வேலையில் மிக்க ஊக்கம் காட்டியவர். புத்தளத்தின் முறை வேறு. இங்கே தனியார் பாத்தி கட்டி, கச்சேரியின் அனுமதியோடு உப்புச் செய்து, அரசாங்கம் குறித்த விலைக்கு அரசாங்கக் களஞ்சியத்திலே ஒப்படைக்க வேண்டும். அதே உப்பு களஞ்சியத்தை விட்டு வெளியேறும்போது பன்மடங்கு விலை பெறும். முதலும் உழைப்பும் மழையின் ஆபத்தும் சிறியோனுக்கு. விலையின் பெரும்பங்கு திறைசேரிக்கு. பாக்கு நீரிணைக்கு அப்பால் 1930இல் காந்தியடிகள் தண்டிக் கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தது எத்தகைய சட்டத்துக்கு எதிராக என்பதைப் புத்தளத்தாருக்கு எவரும் விளக்கிச் சொல்லவேண்டியிருந்திராது.

ஏகபோகத்தைக் காட்டிலும் ஆழமாக வேரோடியது காணிச் சட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாயும் தரிசாயும் குடியற்றும் பயிரிடப்படாதும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்று விதித்தது. அக்காலம் கோப்பிக் காலம். தேசாதிபதி முதலாகப் பல உத்தியோகத்தரும் மலைநாட்டிற் காணி வாங்கிக் கோப்பி நட்ட காலம். சட்டம் இயற்றியோரின் கண்கள் மலையை நோக்கியே இருந்தன. ஆனால் சட்டம் இலங்கை முழுமைக்கும் உரியதல்லவா? பயிரைக் கொண்டு உரிமையை அளக்கும் அச்சட்டத்தின் முன் புத்தளத்து உவர்நிலம் என்ன பதில் சொல்லும்? உப்பளத்தில் ஒரு புல்லும் முளைக்காது. மழைக்காலத்தில் வரப்பும் கரைந்துபோகும். ஒரு பரம்பரையின் உழைப்பு அங்கே புதைந்திருந்தாலும், அளவையாளரின் படத்தில் அது வெறும் தரிசு.

பின்னர் 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் வந்தது. வர்த்தமானியில் அறிவித்தல் வெளியாகும்; மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராதவன் உரிமையிழப்பான். வர்த்தமானி என்னும் பத்திரிகையைக் கண்ணாலும் கண்டிராத கிராமத்தவனுக்கு மூன்று மாதம் என்ன, மூன்று ஆண்டும் போதாது. 1947ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம் காணியை வழங்கவும் குத்தகைக்கு விடவும் அனுமதிப்பத்திரம் கொடுக்கவும் ஒழுங்கு செய்தது. உறுதி உடையவனுக்கு வங்கி கடன் கொடுக்கும். அனுமதிப்பத்திரம் மட்டும் உடையவன் வட்டிக் கடைக்கே செல்லவேண்டும். குத்தகை புதுப்பிக்கப்படுமோ என்று ஐயுறுபவன் பாத்திக்குச் செங்கல் தளம் போடுவானா? ஆழமான நீர்த்தேக்கம் வெட்டுவானா? மாட்டான். ஆகவே உப்பிலே மண் கலக்கும்; நிறம் மங்கும். அப்பொழுது, சிறியோர் செய்யும் உப்புத் தரங்குறைந்தது, பெரிய நிறுவனமே செய்யவேண்டும் என்று சொல்வார்கள். சட்டம் உண்டாக்கிய குறையைச் சிறியோன் கையின் குறையாக எண்ணும் இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று.

1957இல் தேசிய உப்புக் கூட்டுத்தாபனம் தோன்றியது. அதே ஆண்டில் கிழக்குக் கரையில் புல்மோட்டைக் கனிய மணலுக்கும் ஒரு கூட்டுத்தாபனம் அமைந்தது. 1970ஆம் ஆண்டை அண்டிப் பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்து, அருவக்காட்டுச் சுண்ணக்கல் புகைவண்டியில் வரத் தொடங்கிற்று. அத்தொழிற்சாலை 1990களில் தனியார் கைக்குச் சென்று, 1996இல் சுவிற்சர்லாந்து நிறுவனமொன்றின் வசமாகி, 2016இல் தாய்லாந்து நிறுவனமொன்றுக்குக் கைமாறிற்று. ஆலை இத்தனை கை மாறியும் கல் மாத்திரம் அரசினுடையதே.

இதைச் சட்டமே ஐயமறக் கூறுகிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி, மேல்மண் எவருக்குரியதாயினும் கனியத்தின் உடைமை குடியரசுக்கே. ஆய்வுக்கும் அகழ்வுக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமம் காணியைத் தராது. காணிக்குத் தனியாக அலையவேண்டும். கரையாயின் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் 300 மீற்றர் வரை கேள்வி கேட்கும். வடக்கே வில்பத்துக் காடு. அங்கே வனத்துக்கும் வனசீவராசிகளுக்கும் உரிய திணைக்களங்கள் காவலுக்கு நிற்கின்றன. வெளிநாட்டு முதலாயின், 2002ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தல் கனிய அகழ்வில் 40 சதவீதத்துக்கு மேற்படச் சிறப்பு அனுமதி கேட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், பங்கில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டார் வைத்திருக்கும் கம்பெனிக்குக் காணியைக் கைமாற்றுவதைத் தடுத்தது.

2013இல் இலூக்கா என்னும் அவுஸ்திரேலியக் கம்பெனி புத்தளத்து இல்மனைற்று மணலுக்குரிய ஆய்வுரிமங்களை வாங்கிற்று. வெண்ணிற வர்ணத்துக்கு வேண்டிய தைத்தானியம் அம்மணலில் உண்டு. கம்பெனி பெரியது; ஆயினும் அதன் பங்குகளை வைத்திருப்போரில் ஓய்வூதியச் சேமிப்பை நம்பியிருக்கும் சாதாரண மக்களும் இருப்பர். பேர்த் நகரில் இருந்துகொண்டு பங்கு வாங்கிய ஒருவர் மணலின் தரத்தை அறிக்கையில் படிக்கலாம். கொழும்பில் எத்தனை மேசைகளை ஒரு விண்ணப்பம் கடக்கவேண்டும் என்பதை அவர் எங்கே படிப்பார்? பல ஆண்டுகள் சென்றும் அத்திட்டத்திலிருந்து உற்பத்தி பிறக்கவில்லை. பெரிய கம்பெனி இழப்பை ஏட்டில் எழுதி வேறு நாட்டுச் சுரங்கத்தைப் பார்க்கும். ஒரே திட்டத்தை நம்பிப் பங்கு விற்கும் சிறு கம்பெனியாயின், அதன் பங்குதாரர் நிலையும் அனுமதிப்பத்திரத்தோடு உப்பளத்தில் நின்றவன் நிலையும் ஒன்றே.

அப்படியாயின் அரசின் பிடியைத் தளர்த்திவிடலாமே என்று யாரேனும் கேட்கலாம். அதற்கு விடை புத்தளத்தின் அயல் மாவட்டமான அநுராதபுரத்திலே கிடைக்கிறது. எப்பாவலப் பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டுக் கம்பெனியொன்றின் பங்குடன் தோண்ட அரசாங்கம் ஓர் உடன்படிக்கை வகுத்தது. வயலும் காணியும் உடைய ஊரவர் சிலரும் ஒரு விகாராதிபதியுமாக எழுவர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டு யூன் மாதம் நீதியரசர் அமரசிங்க அளித்த தீர்ப்பு அவர்களுக்குச் சார்பாயிற்று. முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் நிறைவுறாமல் அவ்வுடன்படிக்கை ஆகாதென்றது அத்தீர்ப்பு. தேவநம்பிய தீசனுக்கு மகிந்த தேரர் அறிவுறுத்தியதாக மகாவமிச மரபு கூறும் செய்தியை நீதியரசர் எடுத்துக்காட்டினார். மன்னன் நிலத்துக்குக் காவலனேயன்றி உடையவன் அல்லன் என்பது அச்செய்தியின் கருத்து.

1840ஆம் ஆண்டின் சட்டத்தில் முடி உடைமைக்காரன். 2000ஆம் ஆண்டின் தீர்ப்பில் அரசு காவலாளி. இடைப்பட்ட 160 ஆண்டுகளில் புத்தளக் கரையிலே எத்தனை பாத்திகள் கட்டப்பட்டன, எத்தனை மழையில் கரைந்தன! காவலாளி தன் காவலில் உள்ள நிலத்தைப் பெரிய கம்பெனிக்குக் கொடுக்கக்கூடாதென்று எப்பாவலத்து வயற்காரர் கேட்டு வென்றனர். அதே காவலாளி, தன் நிலத்தில் தன் அனுமதியோடே கைப்பணத்தைப் புதைத்துவிட்ட சிறியோனுக்கு எந்த அளவில் பொறுப்பாளி என்னும் கேள்வி அவ்வழக்கில் எழவில்லை. அது எழவேண்டிய இடம் புத்தளம் போன்ற ஒரு கரைதான். ஆனால் அங்கே உப்புச் செய்வோன் நீதிமன்றத்துக்குச் செல்லும் முன்னர் அடுத்த பருவத்து வரப்பைக் கட்டி முடிக்கவேண்டியிருக்கிறது.