ஊவா மலைகளிற் கமரா நின்ற இடங்கள்

பழைய நிழற்படங்களை ஆராய்வோர் பெரும்பாலும் படத்தினுள் இருப்பதையே நோக்குவர். படமெடுத்தவன் எங்கே நின்றான், ஏன் அவ்விடத்தைத் தெரிந்தான் என்று வினவுவோர் சிலரே. ஆயினும் அவன் நின்ற இடமும் ஒரு வரலாற்றுச் சான்றாகும். பதுளை நகரைச் சூழ்ந்த மலைகளில் இன்று கமராவுடன் அலைவோர் பலர். அவர்கள் நாடிச் செல்லும் தலங்கள் அழகினால் மட்டும் பெயர் பெற்றனவல்ல. வண்டிப் பாதையும் புகையிரதப் பாதையும் தோட்ட முதலாளியின் விருப்பும் அத்தலங்களை முன்னரே வகுத்துவிட்டன. எவ்வாறு வகுத்தன என்பதையும், அவ்வகுப்பில் விடுபட்டவை எவை என்பதையும் நோக்குதல் தகும்.

இங்கிலாந்திலே ஆச்சர் என்பார் 1851ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈரத்தட்டு முறையே அக்காலத்து நிழற்படக் கலைஞரின் கைமுதல். கண்ணாடித் தட்டிற் கொலோடியன் பூசி, வெள்ளியுப்புக் கரைசலில் தோய்த்து, அஃது உலருமுன் படமெடுத்து, உடனேயே கழுவி முடித்தல் வேண்டும். எனவே இருட்கூடாரமும் மருந்துப் போத்தல்களும் தட்டுப் பெட்டிகளும் எப்போதும் உடன் செல்லவேண்டியிருந்தன. நல்ல நீரும் அருகிற் கிடைக்கவேண்டியிருந்தது. கண்டி வரை புகையிரதம் 1867இல் வந்துவிட்டது. பதுளைக்கோ அப்போது மாட்டுவண்டியே துணை. கோப்பி மூடைகள் இறங்கிய அதே கரடுமுரடான பாதையிற் கண்ணாடித் தட்டுகளை ஏற்றிச் செல்லத் துணிவோர் மிகுதியாக இருந்திருக்க முடியாது. புகழ்மிக்க யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்தவர். அவருடைய குடும்பத்துக்கு மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் திக்கோயாப் பகுதியிலே இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். எனினும் அவர் இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியுள்ள சில படங்கள் பெரிதும் களுத்துறையில் அவரது இல்லத்தைச் சூழ எடுக்கப்பட்டவையே.

அந்நாளைய பதுளையில் ஐரோப்பியப் பயணியின் கண்ணுக்குப் பட்டவை சிலவே. 1857இல் அபிஷேகம் பெற்ற புனித மாற்கு தேவாலயம் அவற்றுள் ஒன்று. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுந்தது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவரைக் கூறுவர். அந்த யானைகளுக்கு நினைவுச் சின்னம் எதுவும் அப்பக்கத்தில் இல்லை.

உலர்தட்டு பரவிய காலமும் ஊவாவுக்குப் புகையிரதம் ஏறிய காலமும் ஏறத்தாழ ஒன்றாய் அமைந்தன. தேயிலை அதற்குள் கோப்பியின் இடத்தைக் கைப்பற்றியிருந்தது. பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924 பெப்ரவரி 5ஆம் நாளிலேயே அந்நிலையம் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் படங்களும், 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனத்தின் அஞ்சலட்டைகளும் மலைநாட்டுக் காட்சிகளை உலகெங்கும் பரப்பின.

அத்தகைய படங்களை ஒருங்கே வைத்து நோக்கின் இரு நிலைகளே மிகுந்து தோன்றும். ஒன்று, மேட்டில் நின்று பள்ளத்தை நோக்குவது. 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதென்னைத் தோட்டத்தின் உச்சியிலே அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் இருக்கை இன்றும் பயணிகளை ஈர்க்கின்றது. அங்கிருந்து நோக்குவோர்க்கு மலைச்சரிவு முழுவதும் ஒரே பச்சைக் கம்பளம், லயங்கள் அதிலே மெல்லிய கோடுகள், மனிதர் தென்படார். உடைமையைக் கணக்கிடுவோனுக்கு உகந்த பார்வை அது. மற்றையது, கூடையுடன் நிறுத்தப்பட்ட கொழுந்து பறிக்கும் பெண்ணை மிக அருகில் நின்று எடுப்பது. அப்படத்திலே முகமும் நகையும் கூடையும் தெளிவாயிருக்கும். அவள் எங்கிருந்து வந்தாள், மாலையில் எங்கே திரும்புவாள் என்பதற்குச் சான்று இராது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்திலே உள்ளவை பெரட்டுக்களம், லயக் காம்பரா, பிள்ளைக் காம்பரா, மாடசாமிக்கு நட்ட கல் முதலியன. விற்பனைக்கென எடுக்கப்பட்ட படங்களில் இவை அரிதாகவே வந்தன. தேயிலைப் பிரசார சபையின் பொருளுதவியுடன் பசில் றைற் எடுத்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் 1934ஆம் ஆண்டுத் திரைப்படமும், இலங்கையின் பழைய வாழ்வைப் பாராட்டிய அளவுக்குத் தோட்டத்தவரின் வாழ்வை நாடவில்லை.

இன்று ஊவாவில் மிகுதியாகப் படமெடுக்கப்படும் இடம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் எனலாம். 1921இல் நிறைவுற்ற இப்பாலம் ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடையது. கல்லும் செங்கல்லும் சீமெந்துமே கொண்டு கட்டப்பட்டது. முதலாம் உலகப் போரினால் உருக்குக் கிடைக்காமற் போனமையே இதற்குக் காரணம் என்பது வழங்கிவரும் கதை. அப்பால் தெமோதரையிலே பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தான் வந்த வழிக்குக் கீழே, நிலையத்தின் அடியிலே உள்ள சுரங்கத்தினூடாகச் செல்கின்றது. செங்குத்தான இறக்கத்தைக் குறைக்கப் பொறியியலாளர் கண்ட உபாயம் இது. ஹாலி-எலைக்கு அருகில் உள்ள போகொடை மரப்பாலமோ கூரை வேய்ந்தது; பழைய பாதையிலே கால்நடையாகச் சென்றோர்க்கென அமைந்தது. இவ்விரு பாலங்களையும் ஒரே நாளிற் படமெடுப்பவன் ஊவாவின் இருவேறு காலங்களைத் தன் பெட்டியில் எடுத்துச் செல்கின்றான். ஆனால் முதலாவதற்கு நூறு பேர் சென்றால் இரண்டாவதற்குப் பத்துப்பேர் செல்வதும் ஐயமே.

தொழிலின் எச்சங்களை நாடுவோர்க்கு உரிய தலம் பாலமன்று, தேயிலைத் தொழிற்சாலையே. தோட்ட மக்கள் அதனை ஸ்டோர் என்பர். தகரம் போர்த்த நீண்ட கட்டடம் அது. அதன் மேல்மாடிகளில் சன்னல்கள் நெருக்கமாக வரிசைப்பட்டிருக்கும். பறித்த கொழுந்தை அங்கே தட்டுகளிற் பரப்பிக் காற்றில் வாட்டினர். வாடிய கொழுந்து கீழ்த்தளத்திலுள்ள உருட்டும் இயந்திரத்துக்கு இறங்கிற்று. ஆடி ஆவணியிலே மலையைத் தாண்டி வறண்டு வீசும் கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்குத் தனிமணத்தைக் கொடுக்கின்றது. அக்காற்றே வானத்தையும் துலக்குவதால், தேயிலை சிறக்கும் பருவமே கமராவுக்கும் நற்பருவமாய் அமைகின்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களினிடையே சில ஸ்டோர்கள் மூடப்பட்டன. அங்குப் பறித்த கொழுந்து லொறியேறி அயல் தோட்டத்துக்குச் செல்லலாயிற்று. மூடிய கட்டடத்தின் தகரமும் இரும்பும் நெடுநாள் நிலைப்பனவல்ல. ஜேர்மனியிலே பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்னும் தம்பதியர் 1959 முதலாகச் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் ஒரே வகையான மங்கிய ஒளியில், ஒரே வகையான நேர்நோக்கிற் படமெடுத்துத் தொகுத்தனர். அவற்றுட் பல பின்னர் இடிக்கப்பட்டன, படங்களே எஞ்சின. ஊவாவின் ஸ்டோர்களுக்கு அத்தகைய வரிசைமுறைத் தொகுப்பொன்று வேண்டற்பாலது. அதற்கு மலையுச்சி உதவாது. எதிர்ப்பக்கத்துத் தேயிலை நிரையிலே, கட்டடத்தின் நடுமாடிக்குச் சமமான உயரத்தில் நிற்றல் வேண்டும். அவ்வாறு நிற்பின் ஸ்டோரும் லயமும் ஒருங்கே படத்தில் அமையும் இடங்கள் பல உண்டு.

லயங்களைப் பொறுத்தவரை காலம் இன்னும் குறுகியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்கள் மக்களுடன் மண்ணுட் புதைந்தன. உலகச் செய்தித்தாள்கள் அனைத்தும் சேற்றைப் படமெடுத்தன. அதற்கு முன்னாள் அவ்விடத்து வாயிலொன்றில் நின்று எவரேனும் எடுத்த படம், அஃது எத்துணை எளியதாயினும், இன்று அவ்வூருக்கு வேறெதற்கும் ஈடாகாத ஆவணமாகும்.

தோட்டத்தவருக்கெனவே எடுக்கப்பட்ட படங்கள் வேறொரு வகையிலும் உண்டாயின. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. செல்வோர்க்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். பலருக்கு அதுவே தம் வாழ்நாளில் எடுத்த முதற்படமாக இருந்திருக்கக்கூடும். அப்படங்களில் முகத்துக்குப் பின்னே மலையில்லை, ஸ்டோரில்லை. வெறுந்திரை ஒன்றே உண்டு. பதுளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதமேறித் தலைமன்னாரில் அவர்கள் கப்பலேறினர். 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றது. சென்றோரிற் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். ஆதலின் ஊவாவின் பழைய படங்களைத் தேடுவோர், கோத்தகிரியிலும் கூடலூரிலும் உள்ள வீடுகளின் தகரப் பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டியவராவர்.