கல்கத்தா இருட்டறையும் ஒரு மாணவன் கேட்ட கேள்வியும்

சரித்திர பாடத்தில் வரும் சில எண்கள் மாணாக்கர் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிடுகின்றன. நான் படித்த காலத்தில் என் நெஞ்சில் அவ்வாறு பதிந்தவை இரண்டு: 146, 23. 1756ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், வங்காள நவாபு சிராஜ் உத் தௌலாவின் படை கல்கத்தாக் கோட்டையைக் கைப்பற்றியது. அன்றிரவு 146 பேர் ஒரு சிற்றறையில் அடைக்கப்பட்டனர் என்றும், பொழுது விடிந்தபோது 23 பேரே உயிருடன் வெளிவந்தனர் என்றும் என் ஆசிரியர் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பின்னாளில் நானும் ஆசிரியனாகி, அதே எண்களை அதே தழுதழுப்போடு சொன்னேன். எண்ணைத் தவறாக எழுதியவர்க்கு மதிப்பெண் குறைத்ததும் உண்டு.

ஓராண்டு, கடைசி வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இருட்டில் அடைபட்டவர்களை எண்ணியவர் யார்?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் அவனை உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. அவன் கேட்டது குறும்பு அன்று. நான் அதுகாறும் கேட்கத் தவறிய கேள்வி.

அந்த எண்களை உலகுக்கு அளித்தவர் ஜான் செபனையா ஹால்வெல். வைத்தியராக இந்நாட்டுக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் உயர்ந்தவர். கோட்டைத் தலைவரான டிரேக் கப்பலேறித் தப்பிவிட, எஞ்சியிருந்தோர்க்குத் தலைமை தாங்கியவர் இவரே. அந்த அறையில் தாமும் அடைபட்டு உயிர் பிழைத்தவர். எட்டுத் திங்கள் கழித்து, 1757 பிப்ரவரியில், தாயகம் நோக்கிச் செல்லும் கப்பலில் இருந்தவாறு நண்பர் ஒருவருக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்தார். 1758இல் அது லண்டனில் நூலாக வெளிவந்தது. 'மெய்யான வரலாறு' என்று பொருள்படும் சொற்கள் தலைப்பிலேயே இடம் பெற்றன. கலப்பில்லாத நெய் என்று பலகை தொங்கவிட்டிருக்கும் கடையில் நாம் சற்று முகர்ந்து பார்த்தே வாங்குகிறோம் அல்லவா?

கடிதம் நண்பருக்கு எழுதப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் ஹால்வெல் சென்றுகொண்டிருந்த இடம் லண்டன். கோட்டை பறிபோனதற்குப் பொறுப்பாளி யார், ஓடியவர் யார், நின்றவர் யார் என்ற வினாக்கள் அங்கே எழாமல் இரா. அவரோ நின்றவர். ஆதலின் அவ்விரவின் துன்பத்தை விரித்துரைக்கும் ஒவ்வொரு வரியும் அவருடைய நடத்தைக்குச் சான்றாகவும் நிற்கிறது. இதனால் அவர் பொய்யுரைத்தார் என்று நான் சொல்லவில்லை. மூச்சுத் திணறிப் பலர் மாண்டனர் என்பதை உயிர் தப்பிய வேறு சிலரும் கூறியுள்ளனர். எண்ணிக்கைதான் ஐயத்துக்கு இடமாயிற்று. 1915இல் லிட்டில் என்பவர் ஹால்வெல்லின் வாய்மையையே கேள்விக்கு உள்ளாக்கினார். 1959இல் பிரிஜேன் குப்தா என்னும் ஆராய்ச்சியாளர், அடைபட்டவர் 64 பேர், பிழைத்தவர் 21 பேர் என்று கணக்கிட்டார். ஹால்வெல் கூறும் அறையோ ஏறத்தாழ 18 அடிச் சதுரம். கரும்பலகையில் வகுத்துப் பார்த்தோம். 146 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டேகால் சதுர அடிகூடத் தேறவில்லை.

என்னைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. கைதிகளை இரவு காவலில் வைக்குமாறு மட்டுமே நவாபு பொதுவாக ஆணையிட்டிருப்பார், நேர்ந்த கொடுமை கீழ்நிலை ஜமேதார்களின் பழியுணர்ச்சியால் விளைந்தது என்றே ஹால்வெல் கருதுகிறார். துன்புற்றவரே இவ்வாறு எழுதியிருக்க, நானோ வகுப்பில் நவாபையே கொலைகாரராக நிறுத்தியிருந்தேன். இடையில் பலர் கைபட்டுவிட்டது கதை. 1840இல் கிளைவைப் பற்றிக் கட்டுரை எழுதிய மெக்காலே இதனைப் பெருங்கொடுமையாக வருணித்தார். கிளைவின் படையெடுப்புக்கு நியாயம் தோன்ற அவ்வருணனை பெரிதும் துணை செய்தது. கர்சன் பிரபு 1902இல் சலவைக்கல் நினைவுச் சின்னம் எழுப்பினார். சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய கிளர்ச்சியின் பயனாக 1940இல் அது சாலையினின்று அகற்றப்பட்டு, மாதாகோயில் வளாகம் ஒன்றில் வைக்கப்பட்டது. நிகழ்ச்சி ஒன்றே; சொன்னவர்க்கும் கல் நாட்டியவர்க்கும் கல்லைப் பெயர்த்தவர்க்கும் நோக்கங்கள் வெவ்வேறு.

மறுவாரம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வகுப்பில் எடுத்துக்கொண்டேன். ஹால்வெல் காலத்தவரேயான இவர், துய்ப்ளேயின் துபாஷ். 1736 முதல் தாம் கண்டதும் கேட்டதும் தமிழில் எழுதிவந்தார். அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. "அப்படியானால் இவர் சொல்வதை அப்படியே நம்பலாமா, ஐயா?" என்றான் அதே சிறுவன். நானே விடை சொல்லாமல், துய்ப்ளேயின் மனைவியைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில பகுதிகளைப் படித்துக் காட்டினேன். "அந்த அம்மையாரிடம் இவருக்கு ஏதோ கோபம்" என்றது வகுப்பு. கோபம் இருந்தது மெய்தான். கப்பல் வந்த நாளையும் சரக்கின் விலையையும் குறிக்கும்போது அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை. பகைவரைப் பற்றி எழுதும்போது காரணம் உண்டு. ஒரே ஏட்டை இருவிதமாகப் படிக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டுத் தேர்வில் இருட்டறை வினாவும் வந்தது. அச்சிறுவன் 146 என்றே எழுதி, அருகில் சிறிய எழுத்தில் 'ஹால்வெல் கணக்கு' என்று குறித்திருந்தான். முழு மதிப்பெண் அளித்தேன்.