மிராசு என்னும் சொல்லும் மகளின் பங்கும்

தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமையில் கார், பிசானம் என இருபோகம் விளையும் நன்செய்களை உடையவரை 'மிராசுதார்' என்றழைப்பது நெடுநாள் வழக்கு. ஆங்கில அகராதிகளிலும் இடம் பெற்றுவிட்ட இவ்வேளாண்மைச் சொல், நம் இல்லங்களில் நன்கு அறிமுகமான ஒரு சொல்லுக்கு உடன்பிறப்பு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

'மீராஸ்' என்பது அரபு. இறந்தோர் விட்டுச் சென்ற உரிமைச் சொத்து என்று பொருள்படும். 'வாரிசு' என நாம் வழங்குவதும் அதே வேரில் முளைத்ததே. 'தார்' பாரசீகம், உடையவர் என்பது அதன் பொருள். ஜமீன்தார், தாசில்தார் ஆகியவற்றிலும் அதுவே நிற்கிறது.

இவ்வுரிமைக்குத் தமிழில் முன்பே 'காணியாட்சி' என்னும் அழகிய பெயர் இருந்தது. ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் பாரசீகம் ஆட்சிமொழியாக விளங்கியதால் வருவாய்க் கணக்குகளில் மிராசு நிலைபெற்றது. 1801-இல் திருநெல்வேலி உள்ளிட்ட கர்நாடகத்தின் ஆட்சியைக் கைக்கொண்ட கும்பினியார் அச்சொல்லை அப்படியே ஏற்றனர். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, மிராசு உரிமை குறித்து விரிவாகவே எழுதி வைத்தார்.

சொல் வந்தது, அதன் பொருள் முழுமையாக வந்ததா? மீராஸ் யார் யாருக்கு எவ்வளவு என்பதைத் திருமறையின் நான்காம் அத்தியாயமாகிய அந்நிஸா வகுத்துரைக்கிறது. மகனும் மகளும் இருப்பின் மகனுக்குரியதில் பாதி மகளுக்கு உண்டு. விளைநிலத்துக்கு அங்கே விலக்கில்லை. ஆனால் 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைத் தன் வரம்பினின்று நீக்கி வைத்தது. ஊர் வழக்கம் என்று காட்டி வயலில் பெண்ணின் பங்கை மறுக்க அதனால் இடமிருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் கொணர்ந்த திருத்தமே அவ்விலக்கை அகற்றி, வயலையும் ஷரீஅத் சட்டத்தின் வரம்பிற்குள் சேர்த்தது.

சட்டம் இடைவெளியை அடைத்துவிட்டது. எனினும், சீர்வரிசை கொடுத்தாயிற்று என்று சொல்லி, சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. திருமணத்தில் தரும் அன்பளிப்பு வேறு, தந்தை இறந்தபின் இறைவன் விதித்த பங்கு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மிராசு என்று பெருமையுடன் சொல்லும் நாவு, அச்சொல்லுக்குள்ளேயே மகளின் பங்கும் அடங்கியிருப்பதை மறவாதிருத்தல் வேண்டும். பங்கைக் கொடுத்த பின்னரே அப்பெயர் நமக்குப் பொருந்தும்.